இரண்டாவது வரி

“அம்மா, இது நித்திரையால எழும்பேக்க தான் ஆரெண்டு இதுக்கு எப்பிடித் தெரியும்?”

சிவரூபிக்கு அப்போது ஏழு வயது. கணினி ஒன்றை அவள் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான். ராஜரத்தினத்தின் வீட்டு முன் அறையில், பலகைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் அது இருந்தது. கறுத்த திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. கீழே ஓர் எண் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு போனது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் பிள்ளை அப்படிக் கேட்டாள்.

தாய் ஞானேஸ்வரி வாய் திறப்பதற்குள் ராஜரத்தினம் சிரித்தார்.

“அதுக்கு ஒண்டும் தெரியாது, பெட்டை. நான்தான் சொல்லிக் குடுக்கிறனான். இந்த வீட்டில இருக்கிற எல்லாத்துக்கும் நான்தான் சொல்லிக் குடுக்கிறது.”

சொல்லிவிட்டு ஞானேஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

குனியாமல் வேறு வழியில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் கிளிநொச்சிப் பக்கமிருந்து வவுனியா நகருக்கு வந்தவர்கள் அங்கே தங்குவதற்குப் பாஸ் வேண்டும். பாஸ் நீள்வதற்கு ஊர்க்காரர் ஒருவர் பொறுப்பு நின்று ஒப்பம் வைக்க வேண்டும். சிவரூபியின் உடம்பில் இரத்தம் தங்காத நோய். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை எழுந்து நடக்கும். ஏற்றாவிட்டால் உதடு வெளுத்து, பேச்சுக் குறைந்து, சுவரைப் பார்த்தபடி படுத்துவிடும். ஞானேஸ்வரியின் கணவன் செல் விழுந்து செத்துப்போய்விட்டான். தட்டச்சு படித்திருந்தது மட்டுமே அவள் கையில் மிச்சம். அந்தக் கையை ராஜரத்தினம் வேலைக்கு எடுத்துக்கொண்டார். பொறுப்பு ஒப்பத்தையும் அவரே வைத்தார்.

“தோட்டக்காட்டுச் சனத்துக்கெல்லாம் நான் பொறுப்பு நிக்க வேண்டிக் கிடக்கு,” என்றார் முதல் நாளே, அவள் வேர் மலையகம் என்பதைக் குத்திக்காட்டி. பிறகு வேலையைக் காட்டினார். மனு, விண்ணப்பம், கலியாண அழைப்பு எல்லாம் அடிக்க வேண்டும். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி இதையும் சொன்னார்.

“கரண்ட் வந்தவுடன இது தன்ர பாட்டில எழும்பும். எழும்பி, எதுக்குள்ள போக எண்டு கேக்கும். முதலாவது வரி புதுசு, விண்டோஸ். இரண்டாவது வரி பழைய டொஸ். நீ உடனே ஒண்டை அமத்த வேணும். அந்த எண் முடியுமட்டும் விட்டியோ, அது இரண்டுக்குள்ள போயிடும்.”

“போனால் என்ன, ஐயா?”

“போகக் கூடாதெண்டால் கூடாது.”

அதை அழித்துவிட்டால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. பிறகுதான் கேள்விப்பட்டாள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து அந்தப் பழையதை முழுவதும் அழித்துவிட்டுத்தான் போனாராம். அந்த வரிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை என்று சத்தியம் பண்ணினாராம்.

வரி மட்டும் போகவில்லை.

வவுனியாவில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். ஞானேஸ்வரி பழகிக்கொண்டாள். விசிறி முனகத் தொடங்கும்போதே அவள் விரல் ஒன்றாம் இலக்கத்தின் மேல் இருக்கும். ஆனாலும் அந்த இரண்டு வரிகளும் திரையில் நிற்கிற சிறு பொழுதில், அறையில் இன்னொருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போல இருக்கும். அவள் ஒன்றை அமத்தியதும் யாரோ மெல்ல மூச்சை விடுவார்கள்.

பிள்ளையாரே என்று நெஞ்சைத் தொட்டுவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

கார்த்திகை மழை பிடித்த ஒரு நாள். மத்தியானம்தான், ஆனால் வானம் இருண்டு, அறைக்குள் முகம் தெரியவில்லை. மின்சாரம் இல்லை. ராஜரத்தினம் சந்தைக்குப் போயிருந்தார். தடுப்புக்குப் பின்னால் சாக்கில் படுத்திருந்த சிவரூபி சத்தி எடுத்தாள். ஞானேஸ்வரி ஓடிப்போய்ப் பிள்ளையின் தலையைப் பிடித்தாள். வாயைத் துடைத்துத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருக்கும்போது விசிறி முனகியது.

கணினி ஒருதரம் கீச்சிட்டது.

அவள் எழுந்து வருவதற்குள் எண் முடிந்துவிட்டது.

திரை கறுப்பாக இருந்தது. இடது மூலையில் ஒரு சிறு கோடு மின்னி மின்னி அணைந்தது. அவ்வளவுதான். இதற்குத்தானா இந்த மனுசன் இவ்வளவு பயம் காட்டினார் என்று அவள் நினைத்தாள்.

பிறகு மணம் வந்தது.

காய்ச்சல்காரரின் வியர்வை மணம். நனைந்து, காயாமல், மறுபடி நனைந்த சீலையின் மணம். கதிரை மெல்லக் கிறீச்சிட்டது, ஆள் இருந்தால் கிறீச்சிடுவது போல.

விசைகள் தாமாக இறங்கின. ஒவ்வொன்றாக, பலம் இல்லாத விரல் அமத்துவது போல.

திரையில் ஒரு சொல் வந்தது.

குளிருது

ஞானேஸ்வரி கதவுப் பக்கம் திரும்பினாள். ஓடத்தான் நினைத்தாள். ஆனால் அந்தச் சொல்லை அவள் தினமும் கேட்கிறவள். இரத்தம் குறைகிற இரவெல்லாம் அவள் பிள்ளை சொல்லுகிற சொல் அது. கேட்டதும் கை தன்பாட்டில் போர்வையைத் தேடும். இப்போதும் தேடியது. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கதிரையின் முதுகில், தோள் இருக்க வேண்டிய இடத்தில் போர்த்தினாள். போத்தலில் மிச்சமிருந்த சூட்டுத் தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி அருகில் வைத்தாள்.

“குடியுங்கோ,” என்றாள்.

துண்டின் இரண்டு முனைகளும் மெதுவாக முன்னால் இழுபட்டு ஒன்றாகச் சேர்ந்தன.

எதிரே தேத்தண்ணிக் கடை வைத்திருந்த இராசமலர் கதையைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் குந்தினாள்.

“அது விமலேஸ்வரி,” என்றாள். “உனக்கு முதல் அந்தக் கதிரையில இருந்து பழையதில அடிச்சவள். பளைப் பெட்டை. தாய் தகப்பன் ஒருத்தரும் இல்லை. என்னோடதான் சாப்பிடுவாள். மலேரியா வந்து நடுங்கி நடுங்கி அடிச்சவள். ஒருநாள் ஏலாமல் மேசையில தலையை வைச்சிட்டாள். அந்த நேரம் பாத்து மனு அடிக்க ஆக்கள் வந்திட்டினம். மிசின் சும்மா கிடக்கெண்டு அந்தாளுக்கு ஆத்திரம். பாசுக்கு ஒப்பம் வைக்கமாட்டன் எண்டிட்டார்.”

“பிறகு?”

“பிறகென்ன. பாஸ் இல்லையெண்டு ஆமிக்காரர் பஸ்ஸில ஏத்தி அங்கால வன்னிப் பக்கம் அனுப்பிவிட்டாங்கள். அங்காலப் பாதை திறக்கேல்லை. இஞ்சால திரும்பவும் விடேல்லை. ஆமியின்ர காவலுக்கும் இயக்கத்தின்ர காவலுக்கும் நடுவில, அந்த வெளியில, சனத்தோட சனமா மழைக்குள்ள கிடந்தவள் எண்டு கேள்வி. அதுக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை.”

“செத்துப்போச்சோ, அக்கா?”

இராசமலர் வாயைப் பொத்தினாள். “அப்பிடிச் சொல்லாத. ஆரும் வந்து செத்ததெண்டு சொல்லேல்லை. தெரிஞ்சிருந்தால் நான் எட்டுப் படைச்சிருக்கமாட்டனே? எங்கட ஆக்கள் எட்டுப் படைக்கேக்க, செத்தவைக்கு விருப்பமானதெல்லாம் காய்ச்சி வைச்சுப்போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியால வந்திடுவம். அவை வந்து சாப்பிடேக்க ஒருத்தரும் பாக்கக் கூடாது. ஆனால் உயிரோட இருக்கிறவளுக்குப் படைச்சமெண்டால், அவளைக் கொண்டது நாங்கள்தான். அதால அவளுக்கு ஆரும் ஒண்டும் செய்யேல்லை.”

வன்னியில் காணாமற்போனவர்களின் வீடுகளில் இந்தப் பயம் உண்டு. படைக்கவும் முடியாது, படைக்காமல் ஆறவும் முடியாது. உயிரோடிருந்தால் உலையில் அரிசி போடலாம். செத்திருந்தால் வாழையிலையில் சோறு வைக்கலாம். இரண்டும் தெரியாதவருக்கு யாரும் ஒரு பிடி சோறு வைப்பதில்லை.

அடுத்த நாள் கதிரையில் துண்டையும் மேசையில் கோப்பையையும் ராஜரத்தினம் கண்டார். கோப்பை காய்ந்து கிடந்தது.

“இரண்டுக்குள்ள போனியோ?”

“பிள்ளைக்கு ஏலாமப் போச்சு, ஐயா. எண் முடிஞ்சிட்டுது.”

“பிள்ளைக்கு ஏலாது, பிள்ளைக்கு ஏலாது! உன்ர பெட்டையின்ர இரத்தம் எங்க போகுதெண்டு பேயைக் கேட்டுப் பார்.” துண்டை இழுத்தெறிந்து காலால் ஒதுக்கினார். “உன்ர பாஸ் நாளையோட முடியுதெல்லோ? நீயும் அங்கால போய்ப் படு. அங்க நல்ல காத்தாம்.”

ஞானேஸ்வரி அவர் காலில் விழுந்தாள். நாளை மறுநாள் சிவரூபிக்கு இரத்தம் ஏற்றும் நாள். அவர் பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அவள் விழுந்தபடியே கேட்டாள். “ஐயா, அந்தப் பிள்ளை செத்துப்போச்சோ?”

“எந்தப் பிள்ளை?”

“விமலேஸ்வரி.”

அந்தப் பெயர் அந்த அறையில் வெகு நாளாக ஒலிக்கவில்லைப் போலும். அவர் முகம் ஒருதரம் வலித்து இழுத்தது. பிறகு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் உண்மையும் வந்தது.

“செத்தால் எனக்கென்னடி? லொறிக்காரன் ஒருத்தன் வந்தவன். பிள்ளையொண்டு விறைச்சுப்போய்க் கிடக்கு, உங்கட பெயரைத்தான் சொன்னது, வந்து அடையாளம் காட்டுங்கோ எண்டான். எனக்கு அப்பிடி ஒரு ஆளைத் தெரியாதெண்டு அனுப்பிவிட்டனான். பூவரசங்குளத்துச் சனம் எங்கேயோ தாட்டிருக்கும். போ, போய் நீயும் தேடு!”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். தான் என்ன கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

செத்தது உறுதிதான் என்று ஞானேஸ்வரி போய்ச் சொன்னதும் இராசமலர் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிவிட்டு அடுப்பை மூட்டினாள். கருவாட்டுக் குழம்பு, முருங்கையிலை வறை, சோறு.

“இருட்டினால் வீதியில நிக்கேலாது. இப்பவே படைப்பம். அந்தாள் மத்தியானம் சாப்பிட்டுப்போட்டுப் பின்னால படுத்திருக்கு,” என்றாள்.

மழை விடவில்லை. மின்சாரமும் வரவில்லை. சிவரூபியைக் கடைத் தாழ்வாரத்தில் படுக்கவைத்துவிட்டு, இருவரும் முன் அறையில் வாழையிலை விரித்து, கணினிக்கு முன்னால் சோறு வைத்துச் சின்ன விளக்கொன்றை ஏற்றினார்கள். ஞானேஸ்வரி துண்டை எடுத்துத் தூசி தட்டி மறுபடி கதிரையில் போர்த்தினாள். கதவைச் சாத்திக்கொண்டு முற்றத்தில் இறங்கி மழைக்குள் நின்றார்கள். பசித்தவரைக் கண்டு கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. பசித்தவர் கூச்சமில்லாமல் உண்ணட்டும் என்று சாத்துவது வேறு காரியம். கடவுளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

உள்ளே உட்கதவு திறந்த சத்தம் கேட்டது.

“ஆர்ரா இது! என்ர வீட்டில பேய்க்குச் சோறோ!”

இலை கிழிபட்டது. ஏதோ உருண்டது.

பிறகு கணினி கீச்சிட்டது.

“கரண்ட் இல்லையே,” என்றாள் இராசமலர், மெதுவாக.

ஞானேஸ்வரி கதவைத் தள்ளினாள்.

“பாக்காத! அவள் சாப்பிடுறாள்!”

ஆனால் அவள் பார்த்துவிட்டாள்.

ராஜரத்தினம் கதிரையில் இருந்தார். துண்டு அவர் தோளில் கிடந்தது. சிதறிய சோற்றை விரல் நுனியால் கூட்டி, சின்னச் சின்னக் கவளமாக, பசித்தாலும் பிறர் முன் வெட்கப்படுகிற இளம் பெண்ணைப் போல உண்டுகொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது. பல் அடித்துக்கொண்டிருந்தது.

திரையில் இரண்டு வரிகள். கீழே எண் குறைந்துகொண்டிருந்தது.

அவர் வாய் திறந்தது. குரல் அவருடையதல்ல.

“பிள்ளையின்ர பாசுக்கு நான் ஒப்பம் வைக்கட்டோ, அக்கா?”

ஞானேஸ்வரி அந்தக் கண்களைப் பார்த்தாள். அவற்றின் அடியில், கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே பார்ப்பது போல, ராஜரத்தினம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரிந்தது. ஒரு விரலைக்கூட அவரால் அசைக்க முடியவில்லை.

அவள் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும். எண் முடியும். அது இரண்டுக்குள் போகும். நாளை ஒப்பம் விழும். நாளை மறுநாள் சிவரூபியின் உதடு சிவக்கும்.

எண் குறைந்தது.

சும்மா நின்றுதானே இந்த மனிதர் அந்தப் பிள்ளையைக் கொன்றார்.

“வேண்டாம், தங்கச்சி,” என்றாள் ஞானேஸ்வரி. “நீ சாப்பிட்டதே போதும். அவரை விடு.”

ஒன்றை அமத்தினாள்.

துண்டு வழுகி விழுந்தது. ராஜரத்தினம் இருமி இருமிச் சோற்றைத் துப்பினார். மூச்சு வந்ததும் நிமிர்ந்தார். நன்றி என்ற ஒன்று அந்த முகத்தில் எந்த மூலையிலும் இல்லை.

“வெளியால போ! நாளைக்கு விடிய உன்னையும் உன்ர வெளிறின பெட்டையையும் நானே பஸ்ஸில ஏத்திவிடுறன். அவள் கிடந்த இடத்திலயே கிடவுங்கோ!”

அவளைப் பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

இருவரும் மழையில் நின்றார்கள்.

உள்ளே மறுபடியும் அந்தக் கீச்சொலி.

பிறகு விசையொன்றின் சத்தம். ஒரே விசை. டக், டக், டக். விடாமல், வேகமாக, மேலும் வேகமாக.

“ஒண்டு... ஒண்டு... அமத்துறன், போகுதில்லை... ஒண்டடி...”

கதவில் நகம் பிராண்டியது. “ஞானேஸ்! திற!”

தாழ்ப்பாள் அவர் பக்கம் இருந்தது. ஞானேஸ்வரி கதவில் ஓடி விழுந்து இரண்டு கையாலும் அடித்தாள். தோளால் இடித்தாள். இராசமலர் அவள் இடுப்பைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

சத்தம் நின்றது.

வெகு நேரம் மழை மட்டும் பெய்தது.

பிறகு கதவின் அந்தப்பக்கம், பலகைக்கு மிக அருகில், ராஜரத்தினத்தின் குரல் மிகவும் தணிவாக வந்தது.

“ஒண்டுமில்லை. நீங்கள் போங்கோ, அக்கா. பிள்ளை நனையப் போகுது.”

விடியப் பாஸ் கொடுக்கும் கந்தோர் வரிசையில், வெளுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞானேஸ்வரி நின்றாள். உடுப்பு மூட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். யன்னலுக்குள் இருந்த எழுதுவினைஞர் அவள் பெயரைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“உங்கட முதலாளி கதவு திறக்க முன்னமே வந்து நிண்டவர். ஒப்பம் வைச்சிட்டுப் போட்டார். காய்ச்சலோ அவருக்கு? பேனையைப் பிடிக்கேலாமல் நடுங்கினவர். முகத்தையும் மூடிக்கொண்டுதான் நிண்டவர். நல்ல மனுசன்.”

பிள்ளையை இராசமலரிடம் கொடுத்துவிட்டு அவள் அந்த வீட்டுக்கு ஓடினாள். அயலவர்கள் அப்போதுதான் கதவை உடைத்திருந்தார்கள். தாழ்ப்பாள் உள்ளே போட்டபடி இருந்தது, உட்கதவுக்கும் அப்படியே. ராஜரத்தினம் கதிரையில் விறைத்துக் கிடந்தார். கைகள் கக்கத்துக்குள் செருகியிருந்தன. முழங்கால் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. குளிருக்கு ஒடுங்கிய உடம்பு அப்படியே நின்றுவிட்டது. பார்க்க வந்த டொக்டர், உயிர் நேற்று மத்தியானமே போய்விட்டது என்றார். அதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கால்விரல்களுக்கு இடையில் மட்டும் ஈரச் சேறு. வீதியின் சேறு.

அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகள் வெளிநாட்டில், வர முடியாது என்று செய்தி அனுப்பினார்கள். ஊர் ஆட்கள் அவரைக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். எட்டுப் படைக்க யாரும் இருக்கவில்லை.

சிவரூபிக்கு இரத்தம் ஏறியது. உதடு சிவந்து, கூழ் கேட்டாள்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் ஞானேஸ்வரி ஒருவருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பூவரசங்குளம் போனாள். விசாரித்து விசாரித்து, காட்டோரம் ஒரு மருத மரத்தடியில் அந்த மேட்டைக் கண்டாள். யாரோ முன்பின் தெரியாதவர்கள் நாலு கல் வைத்திருந்தார்கள். வேறு அடையாளம் இல்லை. சுற்றிலும் ஆளரவமில்லை. நல்ல வெயில்.

அவள் குந்தி, மேட்டில் கை வைத்தாள்.

“விமலேஸ்வரி,” என்றாள் உரத்து. “பளைப் பிள்ளை. எனக்கு இவவைத் தெரியும்.”

கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். மண் ஒரே வாயில் உறிஞ்சிக்கொண்டது.

எழுந்து திரும்பி நாலடி வைத்திருப்பாள். பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்.

“என்னையும் தெரியுமெண்டு சொல்லன், ஞானேஸ்.”

அவள் கால் நின்றது. முதுகு முழுவதும் ஈரத் துணி போர்த்தது போல் சில்லிட்டது. ஓடலாம் போல இருந்தது. ஆனால் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. திரும்பி வந்தாள். மேட்டுக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத வெறும் மணலில், போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினாள்.

“ராஜரத்தினம். தெரியும்,” என்றாள்.

தண்ணீர் கீழே இறங்கவில்லை. அந்தக் காய்ந்த மணலின் மேல், வெயிலில், வட்டமாக அப்படியே நின்றது. காற்று இல்லை. இலை ஒன்றும் அசையவில்லை.

தண்ணீர் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.